நுரையில் பதிந்த கால்

எங்கள் தெருவில் விடியும்போது முதலில் கேட்பது பால் வண்டி. அன்றைக்கு அதற்கும் முன்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. தப் என்று ஒரு கால் விழும். அடுத்த கால் சரக் என்று தரையை ஓரமாகத் தேய்த்துக்கொண்டு வரும். தப், சரக். தப், சரக். நான் உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

அது என் மூத்த மகள் ஓடிவருகிற சத்தம். அவள் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

சிறு வயதில் பம்ப் செட் தொட்டியிலிருந்து குதித்து அவளுக்கு வலது கணுக்கால் பிசகியது. கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துதான் தரையில் படும். அப்படியே ஓடுவாள். கும்மிடிப்பூண்டியில் வேலை. கம்பெனி பஸ் வருவதற்குள் திருப்பாச்சூர் கோயில் வரை ஓடிவிட்டு வந்துவிடுவாள். வருகிற வழியில் தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள்.

சத்தம் குழாயடியில் நின்றது. குழாய் திறக்கிற சத்தமும், தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டன. எனக்குப் பேய் பிசாசு என்று பெரிய பயம் கிடையாது. கதவைத் திறந்து பார்த்து அங்கே யாரும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன். அதனால் திறக்கவில்லை. கதவே திறந்தது.

இளையவள் நின்றாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னாம்மா, அப்டி முழிக்கிற?"

"கால்ல இன்னாடி அது?"

"அக்கா ஷூ. பரண்ல சும்மாதானே கெடந்துது. என் ஷூதான் வாய் பொளந்துகினு கீதே."

போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அடுத்தது ஓட்டம். குறித்த நேரத்துக்குள் மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். அதில் தேறிவிட்டால் வேலை கிட்டத்தட்டக் கிடைத்த மாதிரி. இவளுக்குக் கால் நேரான கால். சின்ன வயசிலிருந்து சாய்ந்து நடந்ததே இல்லை. அப்படியிருக்க அந்தச் சரக் எங்கிருந்து வந்தது? நான் கேட்கவில்லை. உலையில் அரிசியைப் போட்டேன்.

அதன் பிறகு தினமும் கேட்டது. கேட்பதற்காகவே கொஞ்சம் சீக்கிரமாக எழுந்துகொண்டேன். தெருக்கோடியில் சத்தம் தொடங்கி, குழாயடி வரை வந்து நிற்கும். அவ்வளவு தூரமும் என் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

பத்து நாள் போயிருக்கும். இளையவள் மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்தாள். பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் வலது முட்டி வீங்கிக்கிடந்தது.

"அந்த ஷூவக் கழட்டிப் போடுடி."

"மாட்டேன். அதப் போட்டாதாம்மா காலு தானா போவுது. நான் ஓடுறனா, அவ ஓடுறாளான்னு எனக்கே தெரியல. அவ கூட வராம்மா."

"முட்டி போயிடுச்சின்னா எப்டி ஓடுவ?"

"அவ சாஞ்ச காலோட ஓடலியா?"

அவளுக்கு ஓட்டம் கெட்டுப்போகக் கூடாது. எனக்கு அந்தச் சத்தம் போகக் கூடாது. இரண்டும் ஒரே ஷூவில் இருந்தன.

நான் வேலை பார்ப்பது காக்களூர் எஸ்டேட்டில், ஷூவுக்கு நடு சோல் செய்கிற கம்பெனியில். அடியில் ரப்பர், மேலே துணி, இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக நுரை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான் நடு சோல். ஈவிஏ என்பார்கள். மெஷினில் அச்சு திறந்ததும் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டு வெளியே துள்ளும். ஆறினதும் கொஞ்சம் சுருங்கி அளவுக்கு வரும். ஓரத்தில் நிற்கிற பிசிரை வெட்டுவது என் வேலை. கூடத்தின் மூலையில் சோதனை மெஷின் ஒன்று உண்டு. இரும்பில் ஒரு கால். அது ஒரே சோலை டொக் டொக் என்று நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருக்கும். ஆள் இல்லாத கால். முதலில் எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது. பிறகு பழகிவிட்டது. அது எதற்காக மிதிக்கிறது என்று அத்தனை வருடத்தில் நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

அன்றைக்கு வலது கால் ஷூவை மட்டும் மஞ்சப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து எடுத்துப்போனேன். மெஷின் ஓட்டுகிற தம்பி திருவாலங்காட்டுக்காரர், நல்ல மாதிரி. அவரிடம் காட்டி, இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். டீ நேரத்தில் அவரைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். கிட்டே போய்த் திரும்பி வந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்திலும் அப்படியே. சாயந்திரம் பையோடு கேட்டுக்கு வந்தபோதுதான் நான் செய்த முட்டாள்தனம் எனக்கே புரிந்தது. உள்ளே வரும்போது யாரும் பையைப் பார்ப்பதில்லை. வெளியே போகும்போதுதான் பார்ப்பார்கள்.

"ஆயா, பையத் தொற," என்றார் செக்யூரிட்டி. டப்பாவைத் தூக்கினார். "அட்ரா சக்க! சோல் கம்பெனியிலர்ந்து ஷூவா? உன்னப் போயி ரொம்ப சாதுன்னு நெனச்சுகினு இருந்தேனே!"

நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"யாரு குடுத்தா? சொல்லு ஆயா. இன்னொரு கால் ஷூ எங்க? நாளைக்கா?"

வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சத்தம் போட்டாள். "யோவ், ஒத்தக்கால் ஷூவ எவனாச்சும் திருடுவானா? பஸ்ஸு பூடும், உடுய்யா. ஒரே பேஜாரா கீது உன்னோட."

"நீ சும்மா இரும்மா. ரூல்ஸுன்னு ஒண்ணு கீதுல்ல."

என் மகளுடையது என்று சொன்னால் முடிந்துவிடும். எந்த மகள் என்று கேட்பார்களே. அந்த வரிசையில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. ஷூ அந்த ஆள் கையில் தலைகீழாகத் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெஷின் தம்பி வந்து அதை வாங்கினார். நடு சோலைப் பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்தினார்.

"அண்ணே, நம்ம சரக்கா இது? ஓடி ஓடித் தேஞ்சது. நுர செத்துப் பூட்ச்சு பாரு. உடு, அக்கா போவட்டும்."

செக்யூரிட்டி பையை என்னிடம் நீட்டினார். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா ஆயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தம் வரை தம்பி கூடவே நடந்தார். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருதுக்கா இது? வலது காலு வெளிப்பக்கமா சாயிற ஆளு இல்ல?"

தலையை ஆட்டினேன்.

"வெளி ஓரத்துல மட்டும் எப்டி அமுங்கிக் கீது பாரு. இந்த நுரைக்குள்ள எல்லாம் காத்து, குட்டி குட்டி ரூம் மாதிரி. மிதிக்க மிதிக்க அந்த சுவரெல்லாம் மடங்கிப் பூடும். அந்த இரும்புக் காலு மிதிக்குதே, எத்தினி மிதிக்கு எவ்ளோ அமுங்குதுன்னு பாக்கத்தான். மேல துணி புதுசா இருக்கும், அடியில ரப்பரும் நல்லா இருக்கும். நடுவுல உசுரு போயிருக்கும்."

"கழுவி வெயில்ல வெச்சா எழும்பாதா தம்பி?"

"எழும்பாதுக்கா. இனிமே இத யாரு போட்டாலும் மொத ஆளு சாஞ்ச பக்கம்தான் சாய்வாங்க. சின்னப் புள்ளைங்க போட்டு ஓட வேணாம், முட்டி பூடும்."

வீட்டுக்கு வந்து இளையவளிடம் சொன்னேன். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அவளும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அப்ப அது அக்கா இல்லியா? வெறும் நுரையா?"

"இன்னொரு ஜோடி கீதேடி," என்றேன்.

மூத்தவள் இரண்டாவதாக ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தாள். கனமான ஷூ. பழசு தேய்ந்த பிறகு போடலாம் என்று டப்பாவைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த வருடத்து மழையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் எங்களில் வீட்டுத் தெய்வம். பூவாடைக்காரி என்போம். அவளுக்குத் தகரப் பெட்டி ஒன்று உண்டு. புதுப் பாவாடை சட்டை, வளையல், கண்ணாடி எல்லாம் அதில் வைத்து, வருடா வருடம் ஆடியில் படையல் போடுவோம். பெட்டியைத் திறந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, அந்த வருடத்துப் புதுத்துணியை வைத்து மூடிவிடுவோம். போன வருடத் துணியை வீட்டில் இருக்கிற பெண் எடுத்து உடுத்த வேண்டும். அவளே உடுத்தின மாதிரி.

முதல் படையலில் அந்தப் புது ஷூவைப் பெட்டியில் வைத்தபோது என் நாத்தனார் விடவில்லை. "சாமிப் பொட்டியில செருப்பா அண்ணி?" என்று கேட்டாள். யாரையும் எதிர்த்துப் பேசாத நான், "மண்ணு படாத ஷூ. அவ ஆசப்பட்டு வாங்கினது," என்றேன். அதோடு சரி. வருடா வருடம் துணிக்குத் தெளித்த தண்ணீரை ஷூவுக்கும் தெளித்து, துடைக்காமல் வைத்து மூடினோம். சாமிக்குத் தெளித்ததை யார் துடைப்பார்கள்?

இளையவளின் முட்டி வீங்கியிருந்த அந்த வருட ஆடிப் படையலுக்கும் நாத்தனார் வந்தாள். சர்க்கரைப் பொங்கல், கருவாட்டுக் குழம்பு, மூத்தவளுக்குப் பிடித்த பஜ்ஜி எல்லாம் இலையில் இருந்தன. ஷூவை இளையவளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் மூத்தவள் படத்தின் மேல் பூ வைத்தாள். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பூ நழுவி வலது பக்கமாக விழுந்தது.

"எடுத்துக்கடி. உங்க அக்கா குடுத்துட்டா," என்று நாத்தனாரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது. வெளித்தோலில் அங்கங்கே மஞ்சள் கறை. இளையவள் கயிறு கட்டி எழுந்து நின்றாள். "சரியா கீதும்மா. எனக்கே வாங்கினா மாதிரி," என்றாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து அவள் பல் தெரியச் சிரித்தாள். வாசல் வரை நடந்து பார்த்தாள். நிலைப்படியில் கால் வைத்தபோது குதிகால் கீழே இறங்கியது. ஊறின தவிடு மாதிரி பழுப்பாக என்னவோ பிதுங்கியது. இன்னொரு கால் எடுத்து வைத்தாள். அடி ரப்பர் தனியாகக் கழன்று தரையில் கிடந்தது. நடுவில் இருந்ததெல்லாம் தூளாகி, படையல் இலை வரை சிதறியது. புளித்துப்போன மாதிரி ஒரு வாடை.

இளையவள் கத்திக்கொண்டு காலை உதறினாள். "அவ குடுக்கலம்மா! அவ குடுக்க மாட்டேங்கிறா!"

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கே சொன்னனே அண்ணி! செருப்பு வேணான்னு சொன்னனே!" என்று கற்பூரத்தைத் தேடினாள்.

நான் தரையில் உட்கார்ந்து தூளை முறத்தில் கூட்டினேன். விரலில் ஒட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த நாள் ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவையும் கையை விட்டுப் போகிறாள் என்று தோன்றியது.

இளையவள் படுத்துக்கொண்டாள். ஓடப் போகவில்லை. செலக்ஷனுக்கும் போகப் போவதில்லை என்றாள். "அவ வேணாங்கிறா. வுட்டுடு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழைய ஷூ பரணில் இருந்தது. விடியற்காலையில் தெருவில் எதுவும் கேட்கவில்லை. அரிசி களைகிற சத்தம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

வேலை நாள் வந்ததும் ஒரு பிடி தூளை முந்தானையில் முடிந்து எடுத்துப்போனேன். இந்தத் தடவை டீ நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி பக்கத்தில் போய் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

அவர் இரண்டு விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். "இது நம்ம நுர இல்லக்கா. பி.யூ.ன்னு இன்னொரு நுர, அச்சுல ஊத்தி செய்யிறது. நம்மளுதவிட கனம். மிதிச்சா லேசுல அமுங்காது, ஓட்றவங்களுக்கு நல்லா ஒழைக்கும். ஆனா ஈரம் அதுக்கு எமன். மூடி வெச்சா உள்ளுக்குள்ளயே அரிச்சு மாவாக்கிடும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. எங்க வெச்சிருந்தீங்க?"

"தகரப் பொட்டியில."

"தண்ணி கிண்ணி பட்டுதா?"

அந்த மூலையில் இரும்புக் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. "பட்டுது தம்பி," என்றேன். "வருசா வருசம் பட்டுது."

"போட்டுகினு காத்தாட வுட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாளு தாங்கியிருக்கும்க்கா. இது வெச்சுப் பாக்குற பொருளு இல்ல."

அன்றைக்கு ராத்திரி இளையவளுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு பேச்சு ஒரே நேரத்தில் நான் பேசியதே இல்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பூ வலது பக்கம்தானேம்மா உழுந்துது?"

"வலதுதான். அவ குடுத்தா. பொட்டியும் தண்ணியும்தான் குடுக்க வுடல."

தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அது மாவாப் போச்சு. பழசுல கீறது அவ காலு. அப்ப நான் எதப் போட்டுகினு ஓடுறது?"

"புதுசு வாங்கலாம்டி."

"வேணாம். என் காலு எப்டிப் போவுதுன்னு எனக்கே தெரியல. மொதல்ல அதப் பாக்கணும்."

மறுநாள் வெறுங்காலோடு போனாள். ரோட்டில் போகாமல் ஏரிக்கரை மண்ணில் ஓடினாள். இரண்டு நாள் பாதம் கொப்பளித்தது. முட்டி வீக்கம் மெதுவாக வற்றியது. திரும்பி வரும்போது எனக்கு ஒன்றுமே கேட்காது. கதவு திடீரென்று திறக்கும். ஒவ்வொரு நாளும் தூக்கிவாரிப் போடும் எனக்கு.

"இன்னாம்மா, இன்னும் பயப்படுற?" என்பாள்.

"சத்தமே இல்லாம வந்தா?" என்பேன்.

செலக்ஷன் அன்றைக்கு நானும் கூடப் போனேன். மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. கேட்டுக்கு வெளியே, மதில் ஓரத்தில், பையும் தண்ணீர் பாட்டிலுமாக நிறைய அம்மாக்கள் இருந்தோம். ஒருத்தி நாஷ்டாவுக்கு இட்லி கட்டிக் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே விசில் ஊதுவதும் நிற்பதுமாக இருந்தது. எந்த விசில் என் பெண்ணுக்கு என்று எப்படித் தெரியும்? மதிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறின பிறகு வந்தாள். கால் முட்டி வரைக்கும் செம்மண்.

"பாஸும்மா."

நான் அவள் முட்டியைத்தான் முதலில் தொட்டேன். வீங்கவில்லை.

"என் கூட ஓடுன எல்லாரும் முன்னாடி பூட்டாங்க. நான்தான் கடைசி. டைமுக்குள்ள வந்துட்டேன், அவ்ளோதான்." பாட்டிலை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடைசி வளைவுலம்மா, பின்னாடி சத்தம் கேட்டுது. தப், சரக்னு. பின்னாடி ஒரு ஆளு கீறாங்க, கடைசியா வர மாட்டோம்னு நெனச்சு ஓடிட்டேன். கோட்டத் தாண்டித் திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல."

பக்கத்தில் இருந்த அம்மாக்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. இட்லிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"வா, பஸ்ஸு வந்துடும்," என்றேன்.

இப்போது அவள் டிரெய்னிங்கில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு ஷூ கொடுத்திருக்கிறார்கள். போனில் கேட்டால் நேராகத்தான் தேய்கிறது என்கிறாள்.

பழைய ஜோடியைப் பரணிலிருந்து இறக்கினேன். பெட்டியில் வைக்கவில்லை. அடுப்படி ஜன்னலில், காற்று வருகிற இடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த வருடப் படையலுக்கு வந்த நாத்தனார் மஞ்சள் தண்ணீரோடு அதன் பக்கம் வந்தாள். சொம்பைக் கையால் மறித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள்.

விடியற்காலையில் உலை கொதிப்பதற்குள் வலது ஷூவை எடுத்து உள்ளே கையை விடுவேன். வெளி ஓரத்தில் என் விரல் தானாகப் போய்ப் பள்ளத்தில் உட்காரும். அழுத்திப் பார்ப்பேன். எழும்பாது. எழும்பிவிடுமோ என்றுதான் தினமும் அழுத்திப் பார்க்கிறேன்.